வியாழக்கிழமைப் பெண்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறை. வியாழக்கிழமை மாலை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்:

"என் பேரு கலா. என் வீட்டுக்காரர் குடிப்பாரு."

என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கிள்ளானில், எங்கள் வீட்டு அடுப்படியில், மகளுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் குடியை விட்டு இரண்டு தைப்பூசம் போய்விட்டது. குடித்துக்கொண்டிருந்தவள் நான்.

அறையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையை மெல்லத் தொட்டாள். எதிரே இருந்தவர் கறிபாப் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். யாரோ வீட்டில் பொரித்து எடுத்து வந்தது. உள்ளே உருளைக்கிழங்கு இன்னும் சூடாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் சொன்னது பொய்தான். அழுகை பொய் இல்லை.

சென்ற சில வாரங்களாகப் பண்டமாரானில் துறைமுக லோரிகளோடு மல்லுக்கட்டிய என் அலுவலக நாட்களை இந்தப் பத்தியில் எழுதி வந்தேன். வாசித்தவர்களில் ஒருவர் என்னைக் கிள்ளான் கடைத்தெருவில் நிறுத்தி, "அதெல்லாம் சரிக்கா, அந்தப் பழக்கத்த எப்படி விட்டீங்க? அத எழுதலியே" என்று கேட்டார். எழுதத் தயங்கியதற்குக் காரணம் வெட்கம் இல்லை. அந்தக் கதையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் கணவர் மட்டும் தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார். அவர் பெயர் சேகர்.

உடம்புக்குச் சூடு

எங்கள் வீட்டில் குடி எனக்கு முதலில் பாட்டாகத்தான் அறிமுகம். அப்பா ரயில்வேயில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். சம்பள நாளில் மட்டும் கள்ளுக்கடைப் பக்கம் போவார். திரும்பும்போது குவாட்டர்ஸ் முனையிலேயே அவர் பாட்டுக் கேட்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார், பிறகு சிரித்துவிடுவார். மறுநாள் அப்பா பழைய அப்பாவாக வேலைக்குப் போய்விடுவார்.

எனக்கு அது மருந்தாக வந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று நம் ஊரில் பிராண்டி கொடுப்பார்களே, அப்படித்தான். சுகன்யா பிறந்தபோது என் மாமியார் ஒரு சிறு கிளாஸில் ஊற்றி, தேன் கலந்து கொடுத்தார். நல்ல மனுஷி. எல்லா மருமகள்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து, நாற்பதாவது நாளோடு மறந்தும் போனார்கள். நான் மறக்கவில்லை. அந்தச் சூடு நெஞ்சில் இறங்கிய விதம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு சேகரோடு சனிக்கிழமைகளில். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, வறுத்த கடலையோடு பீர் குடிப்போம். அழகான நாட்கள் அவை. அதை மறுக்க மாட்டேன். ஒருநாள் டாக்டர் அவரிடம் ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். அவர் முருகனுக்கு மாலை போட்டார். மாலையைக் கழற்றிய பிறகும் குடிக்கவில்லை. அவ்வளவுதான், விட்டுவிட்டார்.

என்னால் முடியவில்லை. அவருக்குத் தெரியாமல் குடிக்கத் தொடங்கினேன். பால் போடாத காப்பி என்று எல்லாரும் நினைத்த டம்ளரில் பிராண்டி இருந்தது. காலையில் வேலைக்குப் போகும் முன்பும் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் அந்த டம்ளரைச் சுகன்யா எடுத்தாள். அப்போது அவள் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

வானொலியில் ஒரு குரல்

அந்த வாரமே அலுவலக வேனில் போகும்போது தமிழ் வானொலியில் ஒரு மனிதர் பேசினார். பெயர் சொல்லவில்லை. குரலில் ஒரு கரகரப்பு. தான் ஒரு குடிகாரன் என்றும், இன்றைக்குக் குடிக்கவில்லை என்றும், தன்னைப் போன்றவர்கள் வாரா வாரம் கூடிப் பேசுவதாகவும் சொன்னார். மருந்து கிடையாது, கட்டணம் கிடையாது, பேசினால் போதும் என்றார். டிரைவர் அண்ணன் சிரித்துக்கொண்டே வேறு அலைவரிசைக்கு மாற்றப் போனார். விடுங்கண்ணே, நம்பரைச் சொல்லட்டும் என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் கொள்கலன்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் நின்று போன் செய்தேன். எடுத்தது அதே கரகரப்பு. நான் பேசத் தொடங்கும் முன்பே அவர் கேட்டார்:

"வீட்டுக்காரருக்காக்கா?"

எவ்வளவு எளிதாக ஒரு கதவைத் திறந்துவிட்டார். "ம்" என்றேன்.

குடிப்பவர்களுக்குக் கூட்டம் செவ்வாய்க்கிழமை, குடும்பத்தாருக்கு வியாழக்கிழமை, இரண்டும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே மாடியில் என்று விளக்கினார். அவரை வற்புறுத்த வேண்டாம், முதலில் நீங்கள் வாருங்கள், அங்கே உங்களைப் போன்ற பெண்கள் இருக்கிறார்கள் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். அப்படித்தான் தவறான கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிறந்த ஊர்

பிரிக்பீல்ட்ஸ் என்று கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. அது நான் பிறந்து வளர்ந்த இடம். கல்யாணமாகித்தான் கிள்ளானுக்குப் போனேன். எந்தச் சந்தில் நின்றாலும் யாராவது ஒருவர் "பாயிண்ட்ஸ்மேன் மக தானே நீ" என்று கேட்டுவிடக்கூடிய ஊர்.

ஆனால் போய்ப் பார்த்தபோது அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை. எங்கள் குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நின்றன. டீசல் என்ஜின் பெட்டிகளைக் கோக்கும் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நான். அந்தத் தண்டவாளங்களைக் காணோம். கொமுட்டர் ரயிலில் இருந்து இறங்கி, பெரிய ஸ்டேஷனின் குளிரிலிருந்து வெளியே வந்தால், பூக்கடைகளின் மல்லிகையும், எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும் மணமும் மட்டும் பழையபடி இருந்தன. நடைபாதையில் வெள்ளைக் கோல் தட்டும் சத்தமும் இருந்தது. பார்வை இல்லாதவர்கள் அதிகம் நடக்கும் வீதி அது. சின்ன வயதில் அவர்களைச் சாலை கடத்திவிட நாங்கள் போட்டி போடுவோம். அன்று ஒரு பெரியவர் என் முன்னால் நிதானமாக நடந்தார். எனக்குத்தான் கால் தடுமாறியது.

மாடிப்படி ஒரு புத்தகக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஏறியது. மேலே மேரி அக்கா நின்றிருந்தார். ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். கணவர் குடியை விட்ட பிறகும், கூட்டத்தை விடாமல் நடத்தி வந்தவர். என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் பழைய பள்ளித் தோழிகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்தேன். சேகர் சந்தோஷப்பட்டார். போய்வா, உனக்கும் நாலு பேர் வேணும்லா என்றார்.

ஜெயா

முதல் நாள் என் முழங்கையைத் தொட்டவள் ஜெயா. செமினியில் இருந்து பஸ் மாறி மாறி வருவாள். பள்ளிக் கேன்டீனில் சமையல். கணவர் மணல் லோரி ஓட்டுகிறவர், மலிவுச் சாராயமான சம்சு குடிப்பவர். இரண்டு ஆண் பிள்ளைகள்.

ஜெயா நன்றாகச் சிரிக்க வைப்பாள். கணவர் ஒருநாள் போதையில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து அவர்கள் சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டதை அவள் நடித்துக் காட்டியபோது மேரி அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதே ஜெயா அடுத்த வாரம், அவர் பெரிய மகனின் பள்ளிப் பரிசளிப்புக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனதைச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் திட்டும் அந்த மனிதனை எனக்கு உள்ளிருந்து தெரியும். புட்டியை எங்கே ஒளிப்பான், ஏன் அத்தனை முறை பல் துலக்குவான், எப்போது அளவுக்கு மீறி அன்பாகப் பேசுவான் எல்லாம் தெரியும். சில வேளை அவள் விட்ட இடத்தை நானே நிரப்பிவிடுவேன். "கரெக்டா சொல்றீங்கக்கா" என்பாள்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கி தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிப்போம். சேகரைப் பற்றி அவள் கேட்டால் என் கதைகளை எடுத்து அவர் மேல் போட்டுச் சொல்வேன். வியாழக்கிழமை பகல் முழுக்கக் குடிக்காமல் இருந்தேன், வாசனை வரக்கூடாது என்று. வீடு திரும்பியதும் குடித்தேன். பிறகு சில வியாழன்களில் திரும்பிய பிறகும் குடிக்காமல் தூங்கினேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டு படி ஏறினேன். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்ததும், இதைச் சொன்னால் இந்த நாற்காலி போய்விடும் என்று பயம் வந்துவிடும்.

மழை பெய்த வியாழன்

ஒரு வியாழக்கிழமை மாலை பேய் மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி கொமுட்டர் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனில் சொன்னேன். சேகர், நான் காரை எடுத்துட்டு வரேன் என்றார். தெருவின் பெயரைச் சொல்லி, தையல் கடைகிட்ட வந்ததும் கூப்பிடுங்க, நான் இறங்கி வரேன் என்று மூன்று தடவை சொன்னேன்.

அவர் கூப்பிடவில்லை. நான் குடை கொண்டுபோகவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. குடையோடு, கீழே தையல் கடையில் விசாரித்துவிட்டு, நேராக மேலே ஏறி வந்துவிட்டார்.

கதவில் நின்று "கலா" என்றார். அறையே திரும்பிப் பார்த்தது.

அந்த ஒரு நொடியை நான் எப்படி எழுதுவது? எல்லாப் பெண்களும் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். என் கதைகளில் அவர் பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்தவர். மாமனார் சாவுக்குத் தள்ளாடிக்கொண்டு வந்தவர். ஈரச் சட்டையும், நெற்றியில் கரைந்த விபூதியுமாக அவர் நின்றார்.

ஜெயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேரி அக்காதான் எழுந்து போனார். ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் சூடாகத் தேநீரைக் கொடுத்தார். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னார்:

"இந்தப் படி ஏறி வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம் தம்பி. வெக்கப்படாதீங்க. செவ்வாய்க்கிழமை உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதே எடத்துல கூட்டம் இருக்கு. வாங்க."

சேகர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான வாசகங்களைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"சரிங்கக்கா. வரேன்" என்றார்.

காரில் ஏறினோம். கண்ணாடி துடைப்பான் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சுபாங் தாண்டிய பிறகு நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எனக்கு ரொம்ப நாளா தெரியும் கலா. எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் வருவோம். உள்ள நீ போ."

செவ்வாய்க்கிழமை

அதே அறைதான். ஆனால் அன்று சிகரெட் வாசனையும் ஆண்களின் குரலுமாக இருந்தது. இந்தியர்கள் பாதி, சீனர்கள் சிலர், ஒரு வெள்ளைக்காரர். பெண்கள் யாரும் இல்லை. கரகரத்த குரல்காரர் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான, நரைத்த மனிதர். நேராகச் சேகரின் கையைப் பற்றி, வாங்க பிரதர், நல்ல முடிவு எடுத்தீங்க என்றார். என்னிடம் திரும்பி, அக்கா கீழே கடையில் இருக்கலாம், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

சேகர் அதை மறுக்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கீழே போயிருந்தால், என் வீட்டுக்காரர் எனக்காக உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். அது எனக்குத் தெரியும்.

"அவர் இல்லண்ணே. நான்தான்" என்றேன்.

கரகரத்த குரல்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு சேகரின் கையை விட்டுவிட்டு, தயங்கி, என் கையைப் பற்றிக் குலுக்கினார். வட்டத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று நான் பேசியது இரண்டே வாக்கியம். இரண்டும் உண்மை. வெளியே வந்தபோது சேகர் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். நாங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், பல மாதங்களுக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நடுவில் ஒருமுறை சறுக்கினேன். அதையும் அதே வட்டத்தில் சொன்னேன். மறுபடி வாங்க என்றார்கள். போனேன்.

ஜெயா கேட்டது

வியாழக்கிழமைப் பெண்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். மேரி அக்கா, அந்தத் தம்பிக்கு நான் தேநீர் கொடுத்து அறிவுரை சொன்னேனே என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இரண்டொருவர் சிரித்தார்கள். ஜெயா சிரிக்கவில்லை.

"என் வீட்டு நாத்தத்த எல்லாம் உங்ககிட்ட கொட்டினேன். நீங்க அந்தப் பக்கத்து ஆளு" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் வியாழக்கிழமை போவதை நிறுத்திக்கொண்டேன்.

பல வாரங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, படி இறங்கி வந்தால் தையல் கடை வாசலில் ஜெயா நிற்கிறாள். கேன்டீன் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அவர்கிட்ட கேட்டா ஒண்ணு அடிக்க வருவாரு, இல்லாட்டி அழுவாரு. உங்ககிட்டதான் கேக்க முடியும். குடிக்கும்போது புள்ளைங்க ஞாபகம் வராதாக்கா?"

தெருவில் ஒரு பாட்டுக் கடை சத்தமாக வைத்திருந்தது. அது ஓயட்டும் என்று காத்திருந்தேன். பொய் சொல்லி அலுத்திருந்த காலம் அது.

"வரும் ஜெயா. வந்துகிட்டேதான் இருக்கும். அந்த ஞாபகத்தோடதான் குடிப்பேன்."

"அப்ப மறக்கல."

"மறக்கல."

"அப்புறம் ஏன்?"

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏன் இந்தப் படி ஏறுறேன்?"

ஜெயா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமா, நாங்க அவர் மனசுல இல்லவே இல்லன்னு நெனச்சிருந்தேன் என்றாள். இருவரும் மாமாக் கடைக்கு நடந்தோம். அன்றிலிருந்து அவளுக்கு நான் மறுபடியும் அக்கா.

செமினி

அவள் கணவர் கடைசிவரை அந்த மாடிப்படி ஏறவில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். சேகர்கூட ஒருமுறை செமினிக்குப் போய்ப் பேசினார். ஜெயாவின் கணவர் சிரித்து, நல்லபடி தேநீர் கொடுத்து, அனுப்பிவிட்டார். கொஞ்ச நாட்களுக்கு முன்பு ஒரு காலையில் இறந்து போனார்.

ஜெயா போனில் அழவில்லை. "அக்கா, பெரியவன் கொள்ளி வைக்க மாட்டேங்கிறான். சித்தப்பா, மாமா எல்லாம் சொல்லிப் பார்த்துட்டாங்க. நீங்க வாங்க" என்றாள்.

போனோம். வாசலில் கூடாரம் போட்டு, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். குளித்து ஈர வேட்டியோடு தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டியவன் வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், ஒரு கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்பாவின் ஜாடை அப்படியே.

ஜெயா அவனிடம் என்னைக் கொண்டுபோய் விட்டாள். "இந்த ஆன்டியும் குடிச்சவங்கதான். அப்பா சொல்லாதத இவங்க சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கொள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்குப் போக நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும் ஒருவருக்கு, வழியில் என்ன நடக்கும் என்று சொன்னேன். சட்டையைத் தேய்க்கும்போதே கை நடுங்கும். நடுக்கத்தோடு மகன் முன்னால் போய் நிற்க முடியாது என்று, அதை நிறுத்த ஒரு வாய் குடிப்போம். பிறகு அந்த வாசனையோடு எப்படிப் போவது என்று இன்னொரு வாய். மேடையில் அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும் நேரம் நமக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே அப்படி உட்கார்ந்திருந்தவள் என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"நீங்க இப்ப குடிக்கிறதில்லியா ஆன்டி?"

"இன்னிக்கு இல்லப்பா."

அவன் எழுந்தான். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி, பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான்.